கொடைரோடு: கொடைக்கானலுக்கு ரயில் போட வந்து பாதியில் நின்ற ஊரா?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குக் காரில் போகும்போது டோல்கேட் பக்கம் டீ குடிக்க நிறுத்தியிருக்கிறீர்கள். அங்கே ‘கொடைரோடு’ என்ற பெயர்ப்பலகையைப் பார்த்தீர்கள். கொடைக்கானல் இன்னும் 80 கிலோமீட்டர் இருக்க, இந்த ஊருக்கு ஏன் இந்தப் பெயர் என்று டீக்கடையில் விசாரித்தபோது, “வெள்ளைக்காரன் கொடைக்கானலுக்கு ரயில் போட ஆரம்பிச்சான், பாறை உடைக்க முடியாம இங்கேயே நிறுத்திட்டான்” என்று ஒரு பெரியவர் சொல்லியிருக்கிறார். அது உண்மையா என்பது உங்கள் முதல் கேள்வி. இவ்வளவு சின்ன ஊரில் சென்னை எக்ஸ்பிரஸ்கள் ஏன் நிற்கின்றன என்பது இரண்டாவது. இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. கொடைக்கானலுக்கு ரயிலில் போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்; அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மதுரைக் கோட்டத்தில் ரிலீவிங் டியூட்டி, அதாவது லீவில் போகிறவர்களுக்குப் பதிலாகப் பார்க்கும் வேலை, பார்த்த காலத்தில் கொடைரோடு ஸ்டேஷனில் பல மாதங்கள் இரவு ஷிப்ட் பார்த்திருக்கிறேன். ஆகவே ரயில் சம்பந்தப்பட்டதைத் துணிந்து சொல்வேன். அந்த ஊரின் ஜமீன் வரலாறும் அதற்கு முந்தைய பாளையக் கதைகளும் எனக்கு இரவல் அறிவு; அந்தப் பக்கம் போகமாட்டேன்.

டீக்கடைப் பெரியவர் சொன்னது சரியில்லை. கொடைரோட்டிலிருந்து கொடைக்கானல் நோக்கி ஒரு கிளைப்பாதையும் போடப்படவில்லை. அங்கே இருப்பது திருச்சியிலிருந்து திண்டுக்கல், மதுரை வழியாகத் தூத்துக்குடி போகும் மெயின் லைன். அந்தப் பாதையைப் போட்டவர்களின் குறி தூத்துக்குடித் துறைமுகம். தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1874இல் உருவானது. அடுத்த ஆண்டே, 1875இல், திருச்சி–மதுரைப் பாதை திறக்கப்பட்டது. 1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிவரை வண்டி ஓடியது. எல்லாம் மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம். சிறுமலைக்கும் மேற்கே உள்ள மலைகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் இறங்கி, அம்பாத்துரை தாண்டி, வாடிப்பட்டி, சோழவந்தான் வழியாக மதுரைக்குப் போகிற பாதையில் அம்மையநாயக்கனூர் என்றொரு ஊர் இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு ஸ்டேஷன் வைத்தார்கள். ஸ்டேஷனின் பெயரும் அம்மையநாயக்கனூர்தான். பழைய பயணக் குறிப்புகளில் கொடைக்கானல் போகிறவர்கள் எல்லோரும் இந்தப் பெயரைச் சொல்லித்தான் இறங்குகிறார்கள்.

அப்புறம் ‘கொடைக்கானல் ரோடு’ என்று ஏன் ஆனது? இங்கேதான் ரயில்வேயின் பாஷை ஒன்று வருகிறது. ஸ்டேஷன் பெயருக்குப் பின்னால் ‘ரோடு’ என்று இருந்தால், அந்த ஊர் இங்கே இல்லை, இங்கே இறங்கிச் சாலை வழியாகப் போய்க்கொள்ள வேண்டும் என்று அர்த்தம். வாலாஜா ரோட்டில் இறங்கினால் வாலாஜாப்பேட்டை சில கிலோமீட்டர் தள்ளி. ஆரணி ரோடு, திருவெண்ணெய்நல்லூர் ரோடு எல்லாம் அதே கணக்கு. வடக்கே ராஜஸ்தானில் அபு ரோட்டில் இறங்கித்தான் மவுண்ட் அபு மலைக்கு ஏற வேண்டும். ஆக ‘ரோடு’ என்பது பயணிக்குச் சொல்லும் ஒரு தகவல்: ரயில் உன்னை இவ்வளவு தூரம்தான் கொண்டுவிடும். மற்ற ‘ரோடு’களுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கெல்லாம் சாலை கொஞ்ச தூரம். இங்கே 80 கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி மலை. இத்தனை தூரத்துக்கு ஒரு பெயரை இழுத்துக்கொண்டு நிற்கிற ஸ்டேஷன் தமிழ்நாட்டில் இன்னொன்று என் நினைவுக்கு வரவில்லை.

இந்தத் தூரத்தை அந்தக் காலத்து ஆட்கள் எப்படிக் கடந்தார்கள் என்பதில்தான் இந்த ஊரின் உண்மையான ரயில் வரலாறு இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். கொடைக்கானலில் மதுரை அமெரிக்க மிஷன்காரர்கள் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டியது 1845இல். அப்போது தென்னிந்தியாவிலேயே பயணிகள் ரயில் கிடையாது. முப்பது வருஷம் கழித்துத்தான் அம்மையநாயக்கனூருக்கு ரயில் வருகிறது. ரயில் வந்ததும் சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வருகிறவர்களுக்குப் பாதி வழி சுலபமானது. மீதிப் பாதி அப்படியே இருந்தது. ஸ்டேஷனில் இறங்கி மாட்டு வண்டி பிடிக்க வேண்டும். நிலக்கோட்டை, வத்தலக்குண்டு வழியாக மேற்கே, பெரியகுளம் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கும் கிருஷ்ணம நாயக்கன் தோப்புக்குப் போக வேண்டும். ஏறத்தாழ முப்பது மைல். வெயிலுக்குப் பயந்து இரவில் வண்டி ஓட்டுவார்கள். தோப்பிலிருந்து மலைமேல் போக சாலை கிடையாது, கூலிப்பாதைதான். சுமார் பன்னிரண்டு மைல், ஒரே ஏற்றம். வசதியுள்ளவர்கள் மட்டக்குதிரையில் போவார்கள், அல்லது கம்பு கட்டிய நாற்காலியில் உட்கார, ஆட்கள் தோளில் சுமந்து போவார்கள். பெட்டி, படுக்கை, பாத்திரம், பியானோவானாலும் சரி, மனிதத் தலையிலும் தோளிலும்தான் மேலே போயாக வேண்டும். வெள்ளகெவி வழியாக ஏறும் அந்தப் பழைய பாதையில் இன்றைக்கும் மலையேற்றம் போகிறவர்கள் இருக்கிறார்கள். முதுகில் ஒரு சின்னப் பை மட்டும் வைத்துக்கொண்டு போனவர்களே மறுநாள் காலைத் தூக்கி வைக்க முடியாமல் இருந்ததை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

கொடைக்கானலின் சூரிய ஆய்வுக்கூடம் 1899இல் தொடங்கியது. சென்னையிலிருந்த வானாய்வு வேலையின் பெரும்பகுதியை அங்கே மாற்றினார்கள். அங்கேயிருந்துதான் ஜான் எவர்ஷெட் 1909 ஜனவரியில், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதைக் கண்டுபிடித்தார். இன்றைக்கும் அது ‘எவர்ஷெட் விளைவு’ என்று அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. இதுவரை ஆவணத்தில் உள்ளது. இனி நான் சொல்வது என் ஊகம். அந்த ஆய்வுக்கூடத்தின் கண்ணாடி வில்லைகளும் பித்தளைக் குழாய்களும் இரும்புச் சட்டங்களும் ரயிலில் அம்மையநாயக்கனூர்வரை வந்துதான் இறங்கியிருக்க வேண்டும். மோட்டார் போகும் மலைச்சாலை வருவதற்கு இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் இருந்தது. அப்படியானால் அத்தனையும் கூலியாட்களின் தோளில் ஏறியவை. ஒரு லென்ஸ் கீறாமல் அந்தப் பாதையில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது சாதாரணக் காரியமில்லை. எவர்ஷெட்டின் பெயர் உலகம் முழுக்கத் தெரிகிறது. சுமந்தவர்கள் ஒருத்தர் பெயர்கூட நமக்கு வந்து சேரவில்லை. ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் இரவில் தனியாக நிற்கும்போது இதை நான் நிறைய யோசித்திருக்கிறேன். சாமான் இறக்கி ஏற்றுகிற வேலையைத் தினமும் பார்க்கிறவனுக்கு அந்த நினைப்பு வராமல் இருக்காது.

பள்ளிக்கூடமும் அப்படித்தான். கொடைக்கானலில் மிஷனரிப் பிள்ளைகளுக்கான பள்ளி 1901இல் ஆரம்பித்தது. அதற்கு முன்பே செண்பகனூரில் சேசு சபையார் கல்லூரி வைத்திருந்தார்கள். பள்ளி திறக்கும்போதும் மூடும்போதும் பிள்ளைகள் கூட்டமாக இந்த ஸ்டேஷனில்தான் இறங்கினார்கள், ஏறினார்கள். பல நூறு மைல் தள்ளி வேலை பார்த்த தாய்தகப்பன்மார் பிள்ளைகளை மாதக்கணக்கில் பிரிந்து இருந்திருக்கிறார்கள்.

அப்படிப் பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பிய ஒரு பயணம்தான் தமிழ்நாட்டு விடுதலைப் போராட்ட வரலாற்றில் இடம்பிடித்தது. 1911 ஜூன் 17. திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் தன் மனைவியோடு காலை ரயிலில் கிளம்பி மணியாச்சி ஜங்ஷன் வந்து, தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலுக்காக முதல் வகுப்புப் பெட்டியில் காத்திருந்தார். போக இருந்த இடம் கொடைக்கானல். அவர்களுடைய பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். வாஞ்சிநாதன் அந்தப் பெட்டிக்குள் ஏறி ஆஷைச் சுட்டார். பிறகு பிளாட்பாரத்துக் கழிவறைக்குள் போய்த் தன்னையும் சுட்டுக்கொண்டார். அந்த ஸ்டேஷன் இன்று வாஞ்சி மணியாச்சி. இந்தச் சம்பவத்தைச் சொல்கிறவர்கள் மணியாச்சியோடு நிறுத்திவிடுகிறார்கள். அன்றைக்குக் கொடைக்கானல் போகிற வழியைப் பார்த்தால், அந்தத் தம்பதியர் போட் மெயிலில் ஏறியிருந்தால் மதுரை தாண்டி இறங்கியிருக்க வேண்டிய இடம் நம்முடைய இந்த ஸ்டேஷன்தான். போட் மெயில் அப்போது சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே ஓடி, கொழும்புக் கப்பலோடு இணையும் வண்டி. 1914இல் பாம்பன் பாலம் திறந்து, கப்பல் தனுஷ்கோடிக்கு மாறிய பிறகு அந்தப் பயணத்தின் வழியே மாறிப்போனது.

அதே காலகட்டத்தில், அதாவது 1910களில், வத்தலக்குண்டு பக்கமிருந்து மலைக்கு மோட்டார் சாலை வந்தது. மேஜர் லா என்பவர் பெயரால் ‘லாஸ் காட்’ என்பார்கள். நிலக்கோட்டை, வத்தலக்குண்டு தாண்டிப் போனால் அந்தச் சாலை பிரிகிற இடத்துக்கு இன்றைக்கும் ‘காட்ரோடு’ என்றே பெயர். காட்டுக்குள் போகிற ரோடு என்பதால் அந்தப் பெயர் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மலைச்சாலையைக் குறிக்கும் ‘காட்’ (ghat) என்ற சொல்தான் அது. பாருங்கள், ஒரே பயணத்தில் இரண்டு ஊர்கள் தங்கள் பெயரை ரோட்டிடமிருந்து வாங்கியிருக்கின்றன: ரயிலை விட்டு இறங்குகிற கொடைரோடு, மலையில் ஏறத் தொடங்குகிற காட்ரோடு. மோட்டார் சாலை வந்ததும் கிருஷ்ணம நாயக்கன் தோப்பு மெல்ல மறக்கப்பட்டது. ஸ்டேஷனுக்கோ கூட்டம் கூடியது. மாட்டு வண்டிக்குப் பதிலாகக் காரும் பஸ்ஸும் ரயிலுக்குக் காத்து நின்றன.

“சரி, ஊட்டிக்கு ரயில் போட்டவர்கள் கொடைக்கானலுக்கு ஏன் போடவில்லை?” என்று அடுத்த கேள்வி வரும். டீக்கடைக் கதை முளைத்ததே இந்தக் கேள்வியிலிருந்துதான் என்று தோன்றுகிறது. பாறைதான் காரணம் என்றால் ஊட்டிப் பாதையும் வந்திருக்காது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இல் வண்டி ஏறியது; 1908இல் ஊட்டியைத் தொட்டது. 46 கிலோமீட்டரில் 16 சுரங்கங்கள், 208 வளைவுகள். கல்லாறு முதல் குன்னூர்வரை தண்டவாளத்துக்கு நடுவே பல்சக்கரப் பட்டை வைத்து வண்டியை ஏற்றினார்கள். அந்தத் தொழில்நுட்பம் கையில் இருந்தபோது கொடைக்கானல் மலை முடியாத மலையாக இருந்திருக்காது. என் கணிப்பு இதுதான், இதைக் கணிப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள்: ஊட்டி சென்னை மாகாண அரசாங்கத்தின் கோடைத் தலைநகரம். கவர்னரும் செயலகமும் வருஷா வருஷம் அங்கே போனார்கள். தேயிலை, காப்பி என்று கீழே இறக்கச் சரக்கும் இருந்தது. கொடைக்கானல் மிஷனரிகளும் ஓய்வெடுக்க வந்தவர்களும் வளர்த்த ஊர். அங்கே ஒரு மலை ரயிலுக்கு ஆகும் முதலைத் திருப்பித் தரும் அளவுக்குப் போக்குவரத்து இல்லை. ரயில் பாதை என்பது எப்போதும் கணக்குப் பிள்ளையின் மேஜையைத் தாண்டித்தான் மலைக்குப் போகும்.

நான் அங்கே வேலை பார்த்தது மீட்டர் கேஜின் கடைசிக் காலத்தில். ஒற்றை லைன். அப்போது ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்த ஸ்டேஷனுக்கு வண்டி விட வேண்டுமென்றால் லைன் கிளியர், அதாவது பாதை காலி என்ற அனுமதி, வாங்க வேண்டும். என் மேஜைக்குப் பக்கத்தில் டோக்கன் மிஷின் இருக்கும். அம்பாத்துரைக்கு ஒன்று, வாடிப்பட்டிக்கு ஒன்று. மணியடித்து அடுத்த ஸ்டேஷனைக் கூப்பிட்டு, அவர் சம்மதம் கொடுத்தால்தான் என் மிஷினிலிருந்து ஓர் இரும்புப் பந்து விழும். கைக்குள் அடங்கும் உருண்டை. அதில் எந்த ஸ்டேஷனுக்கும் எந்த ஸ்டேஷனுக்கும் இடையே என்று பொறித்திருக்கும். அந்தப் பந்து கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்கமாட்டார். நிற்கிற வண்டிக்குக் கொடுப்பது சுலபம். நிற்காமல் போகும் சரக்கு வண்டிக்கு, பந்தை ஒரு தோல் பையில் போட்டு, பெரிய பிரம்பு வளையத்தில் மாட்டி, பாயிண்ட்ஸ்மேன் பிளாட்பார ஓரத்தில் கையை நீட்டிப் பிடித்து நிற்பார். ராத்திரியானால் பக்கத்தில் தீப்பந்தம் எரியும். இன்ஜின் வரும்போது பந்தத்தின் சுடர் ஒருபக்கமாகச் சாயும். டிரைவரின் ஆள் கையை வளையத்துக்குள் விட்டு அள்ளிக்கொண்டு, பழைய வளையத்தை எறிந்துவிட்டுப் போவார். எறிந்த வளையம் இருட்டில் உருண்டு ஓடி எங்கோ விழும். விளக்கை எடுத்துக்கொண்டு போய்த் தேடி, உள்ளே பந்து இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, மிஷினுக்குள் திரும்பப் போட்ட பிறகுதான் நெஞ்சு நிதானமாகும். அது உள்ளே போகாமல் அடுத்த வண்டிக்கு லைன் கிளியர் கிடையாது.

விடியுமுன் பாண்டியன் எக்ஸ்பிரஸ் வரும்போது ஸ்டேஷனின் முகமே வேறு. புதிதாகக் கல்யாணமான ஜோடிகள், குல்லாய் மாட்டிய குழந்தைகள், தூக்கம் கலையாத பாட்டிகள். இறங்கியதும் “சார், இதுதான் கொடைக்கானலா?” என்று கேட்காத நாள் இருந்ததில்லை. வெளியே வேன்காரர்கள் வத்தலக்குண்டு, கொடைக்கானல் என்று குரல் கொடுப்பார்கள். திராட்சை சீசனில் அந்தப் பக்கத்துத் தோட்டத்துப் பன்னீர்த் திராட்சையைக் கூடையில் வைத்து ஜன்னலோரம் விற்க வருவார்கள். நிலக்கோட்டை பூ மார்க்கெட்டுக்குப் போகும் மல்லிகை மூட்டையின் வாசம் ரோட்டுப் பக்கமிருந்து வரும். உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதுதான் பதில். சென்னை எக்ஸ்பிரஸ்கள் அங்கே நிற்பது அந்த ஊரின் மக்கள்தொகைக்காக மட்டுமில்லை. கொடைக்கானல், வத்தலக்குண்டு, நிலக்கோட்டை, பெரியகுளம் பக்கத்து ஜனங்களுக்கெல்லாம் மெயின் லைனைத் தொடும் வாசல் அது. 1977 ஆகஸ்ட் 15இல் விடப்பட்ட வைகை எக்ஸ்பிரஸும் அங்கே நிற்கிறது. தேனிக்கு 2022இலும் போடிக்கு 2023இலும் அகல ரயில் வந்த பிறகு மேற்குப் பக்கத்து ஆட்களுக்கு வேறு வழியும் திறந்திருக்கிறது. ஆனால் திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு, பெரியகுளம் வழியாகக் குமுளிக்கு ரயில் வேண்டும் என்ற பழைய கோரிக்கை நிறைவேறாதவரை, கொடைரோட்டின் தேவை குறையாது.

ஒரு விஷயம் மட்டும் என் மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. தொண்ணூறுகளின் முடிவுக்குள் மீட்டர் கேஜ் போய்விட்டது, டோக்கன் பந்தும் போய்விட்டது, இப்போது இரட்டைப் பாதையில் மின்சார இன்ஜின் ஓடுகிறது. அதெல்லாம் போக வேண்டியவைதான். ஊர்ப்பெயர் போக வேண்டியதில்லை. பேரூராட்சி அலுவலகத்திலும் போலீஸ் ஸ்டேஷனிலும் அம்மையநாயக்கனூர் என்றுதான் எழுதியிருக்கிறது. பஸ் கண்டக்டர் வாயிலும் டோல்கேட் போர்டிலும் கொடைரோடு. அந்த ஊரில் பிறந்த பையன் வெளியூர்க் கல்லூரியில் “எந்த ஊர்?” என்று கேட்டால் கொடைரோடு என்கிறான், “ஓ, கொடைக்கானலா?” என்று பதில் வருகிறது. ரயில் பெட்டியிலிருந்து இறங்குகிறவனுக்கு வழிகாட்ட வைத்த பெயர், அங்கேயே இருப்பவனின் ஊர்ப்பெயரை மூடிவிட்டது. அடைப்புக்குறிக்குள்ளாவது பழைய பெயரையும் ஸ்டேஷன் பலகையில் எழுதலாம் என்பது என் ஆசை.

கடைசியாக, ரயிலில் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள். சென்னையிலிருந்து இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியுமுன் இறங்கலாம். அந்நேரத்தில் தூங்கிவிடாமல் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், வண்டி கொஞ்ச நேரம்தான் நிற்கும். கொடைக்கானலுக்கு நேர் பஸ் கிடைக்காவிட்டால் வத்தலக்குண்டு போய்விடுங்கள், அங்கிருந்து அடிக்கடி பஸ் உண்டு. நிறையப் பேரும் சாமானும் இருந்தால் திண்டுக்கல்லில் இறங்குவது வசதி. கொடைரோட்டில் இறங்குவதானால் உடனே வண்டி பிடித்து ஓடாதீர்கள். பிளாட்பாரத்தில் ஒரு டீ குடித்துவிட்டு, பொழுது புலரும்வரை இருந்து, மேற்கே பாருங்கள். மலை முதலில் கருப்பாகத் தெரியும், பிறகு நீலமாகும். நாற்காலியைத் தோளில் சுமந்தவர்கள் ஏறியது அந்த மலைதான்.